அரபு சாஸ்திரிய இசை கேட்க ஆசை. யாருடைய ஊத் (அரபுத் தந்தி வாத்தியம்) வாசிப்பிலிருந்து தொடங்கலாம்?

முனீர் பஷீர். வேறு யாரையும் நான் முதலில் சொல்ல மாட்டேன்.

எகிப்தியப் பாடகி உம் குல்தூமில் தொடங்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஒரே பாட்டு ஒரு மணி நேரம் ஓடும். அரபு தெரியாதவர்களுக்குப் பாதி ருசி அங்கேயே போய்விடும். ஊத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பஷீர் ஈராக்கின் மோசுலில் பிறந்தவர். பாக்தாத் இசைக் கல்லூரியில் ஷெரீஃப் முஹித்தீன் ஹைதரிடம் படித்தார். அந்த வாத்தியார் செல்லோவிலும் கெட்டிக்காரர். பாடகருக்குப் பக்கவாத்தியமாக இருந்த ஊத்தைத் தனிக் கச்சேரிக்குத் தயார் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. முனீரின் அண்ணன் ஜமீல் பஷீரும் ஹைதரின் மாணவர்தான். (விரல் வேகம் பிடிக்கும் என்றால் ஜமீலைக் கேளுங்கள்.) முனீர் 1971இல் ஜெனீவாவில் தனியாக வாசித்த கச்சேரியின் பதிவு இருக்கிறது. முதலில் அதைத் தேடிக் கேளுங்கள்.

அவர் வாசிப்பது தக்ஸீம். நம் ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தாளக்கட்டு கிடையாது, எல்லாம் மனோதர்மம். ஒரு மகாமை (நம் ராகம் மாதிரி) கீழ் ஸ்தாயியில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவார்கள். நடுவில் வேறு மகாமுக்குள் நுழைவார்கள். ராக ஆலாபனையில் இன்னொரு ராகம் எட்டிப் பார்த்தால் சபாவில் முகம் சுளிப்பார்கள் இல்லையா? இங்கே அப்படி எங்கேயும் போகாமல் இருந்தால்தான் சப்பென்று இருக்கும். எங்கே திரும்பினார், கிளம்பிய மகாமுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதில்தான் வித்வத்தே தெரியும்.

காதுக்கு ஒரு பிடி வேண்டுமென்றால் ஹிஜாஸ் மகாமை எடுங்கள். அதன் முதல் நான்கு ஸ்வரங்கள் கிட்டத்தட்ட மாயாமாளவகௌளையின் ச ரி க ம. அப்புறம் ராஸ்த். அதன் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். முதல் முறை ‘சுருதி விலகுகிறதே’ என்றுதான் தோன்றும். வீணையில் இருப்பதுபோல ஊத்தில் மெட்டுகள் கிடையாது, அதனால் விரல் அந்த நடு இடத்தில் தாராளமாக நிற்கும். அந்த இடம் சரியாக எங்கே என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம். 1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில், ஸ்தாயியை 24 சம பாகமாகப் பிரிக்கலாமா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. ஹங்கேரியிலிருந்து இசையமைப்பாளர் பேலா பார்டோக்கும் வந்திருந்தார். ஒருமித்த முடிவு வரவில்லை. வராததே நல்லது என்பேன்.

பஷீரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய இடைவெளி. மீட்டிய நாதம் முழுக்க அடங்கும்வரை அடுத்த தந்தியைத் தொடாமல் காத்திருப்பார். இது வறட்சி என்று நினைப்பவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. கூட்டம் “அல்லாஹ்!” என்று கத்தி ரசிக்கும் அந்தக் கிறக்கத்தை அரபியில் தரப் என்பார்கள். அது வேண்டுமென்றால் பாடகரும் ஊத் கலைஞருமான ஃபரீத் அல்-அத்ரஷின் மேடைப் பதிவுகளுக்குப் போங்கள்.

எதைக் கேட்டாலும் ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் ஊத்தின் கீழ் ஸ்தாயித் தந்தி காதிலேயே விழாது.