டர்போவுக்கு முன்னாடியே போடுங்க அண்ணாச்சி

புளியரை ஏத்தத்துல லோடோட போகையில எக்ஸாஸ்ட் சூடு பாக்க மீட்டர் மாட்டணும், சென்சார டர்போவுக்கு (புகை வேகத்துல சுத்தி எஞ்சினுக்குக் காத்த அமுக்கிக் குடுக்குத சாமான்) முன்னாடி போடவா பின்னாடியான்னு கேட்டிருக்கீங்க, முன்னாடிதான் அண்ணாச்சி, எல்லா சிலிண்டர் புகையும் ஒண்ணா சேருத எடத்துல மேனிஃபோல்டுலயே போடுங்க, டர்போவத் தாண்டுனா லோடு இழுக்கையில நூறு டிகிரிக்கு மேலயே கம்மியாக் காட்டும், அத நம்பி மிதிச்சா பிஸ்டன் உருகினாலும் உருகும்.

மேனிஃபோல்ட கழட்டி லேத்துப் பட்டறைல குடுத்து சென்சார் மாட்டுத துளைக்கு 1/8 என்பிடி (குழாய் மரை அளவு) டேப் அடிச்சிருங்க. வண்டில வச்சே துளைக்கலாம், டிரில்லுல கிரீஸ் தடவுனா தூளு ஒட்டிக்கிடும்னு சிலபேரு சொல்லுவாவ, எனக்கு நம்பிக்கை இல்ல, ஒரு துணுக்கு டர்போ பிளேடுல போச்சுன்னா சோலி முடிஞ்சுது. சென்சார் முனை குழாய்க்கு நடுவுல நிக்கணும். வயர் பத்தலன்னு சாதா செம்பு வயர ஒட்டுப் போட்டிராதீங்க, ரீடிங் தப்பாயிரும், சென்சார் கே டைப்புன்னா (சூடு அளக்குத தெர்மோகப்புள்ல ஒரு வகை) அதே கே டைப் வயருதான். 700 டிகிரி செல்சியஸ நெருங்குனா கியரக் கொறச்சு மிதிய லேசா விடுங்க.