கதவைப் பூட்டுவது ட்ரீட்மென்டா?

கேள்வி: அக்கா, நாங்கள் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, ஓட்டிசம், பேச்சு வராது. டவுனில் ஒரு விசேட பாடசாலைக்குப் போகிறான். கொஞ்ச நாளாக பஸ்ஸைக் கண்டாலே அழுகிறான், ராத்திரி படுக்கையை நனைக்கிறான், காம்பராக் கதவைச் சாத்தினால் கத்திக்கொண்டு ஓடிவந்து கொண்டியைப் பிடித்து இழுக்கிறான். டீச்சரிடம் கேட்டால், “அடம் பிடித்தால் தனி ரூமில் விட்டுப் பூட்டுவோம், அடங்கினதும் திறப்போம், அதுவும் ட்ரீட்மென்ட்தான்” என்கிறார். ஏதாவது பேசினால் பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். பக்கத்தில் வேறு பள்ளியும் இல்லை.
— ஒரு தாய்

பதில்: தங்கச்சி, அது ட்ரீட்மென்டே கிடையாது. பூட்டிய அறைக்குள் பிள்ளை அடங்குவது பயத்திலும் களைப்பிலும்தான். இந்தப் பிள்ளைகள் பலருக்குச் சத்தமும் வெளிச்சமும் திடீர் மாற்றமும் தாங்க முடியாத வேதனை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற நேரத்தில் மணியும் அடித்து, வகுப்பே இரைந்தால், காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரளுவான், அதைத்தான் அடம் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்போது அவனுக்குத் தேவை அமைதியான ஒரு மூலை, பழகின ஒரு ஆள், நினைத்தால் வெளியே வர ஒரு திறந்த கதவு.

அமெரிக்காவில் பள்ளிகளில் பிள்ளைகளை அமுக்கிப் பிடிப்பது, தனியறையில் அடைப்பது பற்றி அந்த நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகமே 2009இல் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள், உயிரிழப்புகளும் உண்டு, கிட்டத்தட்ட எல்லாமே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் சம்பந்தப்பட்டவை. அதனால் “சும்மா கொஞ்ச நேரம்தானே” என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவின்படி குற்றம், பள்ளிக்கூடத்துக்கு அதில் விலக்கு இல்லை.

இனி செய்ய வேண்டியது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்ன பார்த்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உடம்பில் காயமோ தழும்போ இருந்தால் போனில் படம் எடுத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையிடம் அந்த அறையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதீர்கள். எத்தனை தடவை அடைத்தார்கள், எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று பள்ளியிடம் கடிதமாகவே கேளுங்கள், ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் போய்ப் பாருங்கள்.

வேலைக்குப் போகாமல் ஒரு நாள் பேர் போனால், அந்தக் கூலி இல்லாமல் வீட்டில் எவ்வளவு இடிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பதில் வரும்வரை அவனை அங்கே அனுப்பாதீர்கள், தங்கச்சி. அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற மற்றத் தாய்மாரிடமும் பேசிப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால், உங்கள் பிள்ளையை மட்டும் நிறுத்துவது அவர்களுக்கு அவ்வளவு லேசாக இருக்காது.