பிலிப்பைன்ஸில் சர்வாதிகார அதிபர் மார்கோஸின் ஆட்சி வீழ்ந்ததில் கத்தோலிக்கத் திருச்சபை என்னதான் செய்தது?

பலரும் 1986 பிப்ரவரி 22 இரவைத்தான் சொல்வார்கள். மணிலா பேராயர் கர்தினால் ஹைமே சின், திருச்சபையின் வெரித்தாஸ் வானொலியில் பேசி, மார்கோஸை எதிர்த்துக் கிளர்ந்து இராணுவ முகாமுக்குள் இருந்த வீரர்களைக் காக்க மக்களை அழைத்தார். மணிலாவின் எட்சா சாலை நிரம்பியது. மூன்றே நாளில் மார்கோஸ் நாட்டை விட்டு ஓடினார்.

ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வாரங்கள்தான் இன்னும் முக்கியம் என்பேன். பிப்ரவரி 7 தேர்தலில் கன்னியாஸ்திரிகளும் நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் தேர்தல் கண்காணிப்பு அமைப்பின் தொண்டர்களோடு வாக்குப்பெட்டிகளுக்குக் காவல் நின்றார்கள். எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்று தேர்தல் ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் வெளிநடப்பு செய்தபோது, பக்லரான் தேவாலயம் அடைக்கலம் தந்தது. அப்புறம் 13ஆம் தேதி, மோசடியால் அதிகாரத்தில் ஒட்டிக்கொள்ளும் அரசுக்கு அறநெறி அடிப்படையே இல்லை, வன்முறையின்றி எதிர்த்து நில்லுங்கள் என்று ஆயர் பேரவை அறிக்கை விட்டது. ஆயர்கள் தங்கள் அரசிடம் இவ்வளவு நேராகப் பேசுவது அபூர்வம்.

இந்தத் துணிச்சல் திடீரென்று வந்ததல்ல. 1972இல் இராணுவச் சட்டம் வந்தபோது ஆயர்களில் பலர் தயங்கினார்கள். துறவற சபைகளின் தலைவர்களோ 1974இலேயே அரசியல் கைதிகளுக்காக ஒரு தனி அமைப்பைத் தொடங்கி, சிறைகளுக்குப் போய், சித்திரவதைகளைப் பதிவு செய்து, குடும்பங்களுக்குத் துணை நின்றார்கள்.