சூப்பர்சார்ஜர் வைக்கிற எஞ்சினுக்கு எந்த பிஸ்டன் ரிங் போடணும்?

செவர்லே 350 எஞ்சின், 4 இன்ச் போர் (சிலிண்டர் விட்டம்), சூப்பர்சார்ஜர் வச்சு கட்டப்போறேன், சாதா காஸ்ட் அயர்ன் ரிங்கே போதுமான்னு கேட்டிருக்கீங்க. டாப் ரிங்குக்கு அது வேண்டாங்க. பூஸ்ட்ல (சூப்பர்சார்ஜர் காத்த அழுத்தி உள்ள தள்றப்ப) சூடும் பிரஷரும் முதல்ல தாக்குறது அதைத்தான், கொஞ்சம் டெட்டனேஷன் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாம வெடிக்கிறது) வந்தாலே காஸ்ட் அயர்ன் படக்குன்னு ஒடஞ்சிரும், அதனால டக்டைல் அயர்ன் (லேசுல ஒடையாத வார்ப்பிரும்பு) இல்லன்னா நைட்ரைடு பண்ண (மேற்பரப்ப கெட்டியாக்கின) ஸ்டீல் ரிங் வாங்குங்க. ரெண்டாவது ரிங் காஸ்ட் அயர்னா இருந்தாலும் தெருவுல ஓட்டுற வண்டிக்கு ஓடும், ஆயில் ரிங் வழக்கமான மூணு பீஸ் செட்டே போதும்.

ரிங் பிராண்டுக்கு மண்டைய உடைக்கிறவங்க கேப்ப (ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய) விட்டுர்றாங்க, உண்மையில எஞ்சின் போறது அங்கதான். சூட்டுல ரிங் நீளும், ரெண்டு முனையும் முட்டிக்கிச்சுன்னா சிலிண்டர உரசி பிஸ்டனோட ரிங் லேண்டையே (ரிங் பள்ளங்களுக்கு நடுவுல இருக்குற பகுதி) பேத்து எடுத்துரும். பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கு டாப் ரிங்ல 0.016 - 0.018 இன்ச் கேப் வைப்பாங்க, உங்களுக்கு 0.022 - 0.024 பக்கம் வரும், ரெண்டாவதுல அதுக்கு ஒரு துளி கூட. பிஸ்டன் கம்பெனி சீட்டுல வேற நம்பர் இருந்தா அதையே எடுத்துக்கங்க.

ஃபைல்-ஃபிட் செட் (கேப்ப நாமளே ராவி வைக்கிற ரிங்) வாங்கி, ரிங்க அதோட சிலிண்டர்லயே விட்டு, பிஸ்டன தலைகீழா வச்சு ஒரு இன்ச் உள்ள நேரா தள்ளி ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) கேப்ப பாருங்க. ராவும்போது வெளிப்பக்கத்துலருந்து உள்பக்கமா மட்டும் ராவுங்க, இல்லன்னா ரிங்கோட வெளிப்பக்கத்துல இருக்குற மாலி (மாலிப்டினம்) கோட்டிங் ஓரத்துல பேந்துரும்.