அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே!

கேள்வி: 2021 ஆகஸ்டில் கோவிட் கண்டு அப்பா மருத்துவமனையில் இறந்தார். பையில் சுற்றிய உடலை நேரே செராஸ் சுடலைக்குக் கொண்டு போனார்கள். தூரத்தில் நின்று கும்பிட்டதோடு சரி. குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. அம்மா இன்றும் இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவின் தட்டையும் எடுத்து வைக்கிறார். கோயிலுக்கும் வருவதில்லை, கல்யாணங்களுக்கும் வருவதில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி, "நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லி ஒடுங்கிப் போய்விட்டான். நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, தம்பியிலிருந்து தொடங்குவோம். அம்மாவின் துக்கம் வெளியே தெரிகிறது. தம்பியைக் குற்ற உணர்வு உள்ளுக்குள் அரிக்கிறது. அதுதான் அதிக ஆபத்து.

கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்ட 2 முதல் 14 நாள் வரை ஆகலாம். காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பிறருக்குத் தொற்றும். அறிகுறியே இல்லாமல் பரப்பியவர்களும் உண்டு. ஆகவே வீட்டில் முதலில் படுத்தவர்தான் கொண்டுவந்தவர் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்த ஆகஸ்டில் மலேசியாவில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்று கண்ட நாள்கள் பல. மளிகைக் கடை, லிஃப்ட், கிளினிக் வரிசை, எங்கும் வந்திருக்கலாம். "உன் தப்பு இல்லடா" என்று மட்டும் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றே அவருக்குப் படும். இந்த விவரத்தோடு சொல்லுங்கள். யார் எந்தத் தேதியில் எங்கே போனார் என்ற விசாரணையில் மட்டும் இறங்க வேண்டாம், அதற்கு முடிவே கிடையாது. ஒருவேளை அவர் வழியாகவே வந்திருந்தாலும், அது குடும்பத்துக்குச் சோறு போடப் போன இடத்தில் வந்தது. இதை அம்மா தன் வாயால் சொன்னால் தம்பிக்கு மனம் ஆறும். அம்மாவிடம் தனியே பேசி, அதைச் சொல்லவையுங்கள்.

"தனியாகக் கிடந்து நம்மைத் தேடியிருப்பாரே" என்ற நினைப்பு இப்படி இழந்த எல்லா வீடுகளையும் வாட்டுகிறது. அப்பாவுக்குச் சுவாசக் கருவி பொருத்தியிருந்தால், பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருப்பார்கள். ஊகத்தில் தவிக்காமல் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றிதழ், உங்கள் ஐசி (அடையாள அட்டை), உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரம் மூன்றும் கையில் இருக்கட்டும். அறிக்கை வந்ததும் அம்மாவிடம் அப்படியே நீட்டிவிடாதீர்கள். தெரிந்த மருத்துவரோ தாதியோ முதலில் உங்களுக்கு விளக்கட்டும். சுவாசக் குழாய் எப்போது போட்டார்கள், கடைசி மணி நேரங்களில் அவருக்கு நினைவு இருந்ததா என்பதைக் கேளுங்கள். "சீக்கிரம் கூட்டிப் போயிருக்கலாமே" என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கலாம். கோவிட்டில் ரத்தத்தில் ஆக்சிஜன் வெகுவாக இறங்கிய பிறகும் மூச்சுத் திணறல் தெரியாமல் நடமாடியவர்கள் நிறையப் பேர்.

விட்டுப்போன சடங்கை இப்போதும் செய்யலாம், செய்யவும் வேண்டும். இறந்த நாளையும் நேரத்தையும் கோயில் குருக்களிடம் கொடுத்தால் திதி குறித்துத் தருவார். அன்றைக்கு ஏற்பாடு செய்யலாம், இல்லையென்றால் ஆடி அமாவாசைக்கோ மகாளய அமாவாசைக்கோ. 16-ஆம் நாள் காரியம் அப்போது சரியாக நடக்கவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படையல், தர்ப்பணத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: அப்பாவின் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பச்சரிசி வைத்து, அன்று போட முடியாத வாய்க்கரிசிக்கு ஈடாக ஆளுக்கு மூன்று பிடி போடுங்கள். முதலில் அம்மா, அடுத்து தம்பி. அவசரப்படுத்தாமல், அம்மா பேச நினைத்ததைப் படத்தைப் பார்த்துப் பேச விடுங்கள், அழுதால் அழட்டும்.

இங்கே காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சொந்தக்காரர்களின் வாய்தான். "ஏன் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல? ஊசி போட்டாரா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் தம்பி எழுந்து போய்விடுவார். சொன்னால் மற்றவர்கள் அடங்கும் ஒரு சித்தப்பாவிடமோ மாமாவிடமோ முதல் நாளே பேசி, அந்தப் பேச்சை வெட்டும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அம்மாவைக் கேட்காமல், 'சர்ப்ரைஸ்' போல எதையும் செய்யாதீர்கள்.

தட்டு எடுத்து வைப்பதைத் தடுக்க வேண்டாம், அது அன்பு. வீட்டைவிட்டு வராததுதான் கவலை தருகிறது. 12 மாதம் கடந்தும் அநேகமாகத் தினமும் அதே ஏக்கம், யாரோடும் ஒட்டாமை, நம்ப மறுப்பது எல்லாம் தொடர்ந்தால், 2022-இல் திருத்திய அமெரிக்க மனநல வகைப்பாடு அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அதற்கென்றே சுமார் 16 அமர்வுகள் கொண்ட பேச்சு சிகிச்சை இருக்கிறது. மருந்து மனச்சோர்வைக் குறைக்கும். துக்கத்தின் ஏக்கத்தை அது தனியாகத் தீர்ப்பதில்லை. அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். "தூக்கம் வரல, சாப்பிடல" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடலாம். அப்பா எப்படி இறந்தார், எத்தனை வருடமாக இப்படி என்பதைச் சொல்லி, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

ஒரு சின்ன வேலை, இன்றே செய்யுங்கள். அப்பா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் அம்மாவின் போனில் இருந்தால் இன்னோர் இடத்திலும் பதிந்து வையுங்கள். அப்பாவுடையதைப் போல 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் நிறுவனம் நீக்கிவிடும். அம்மாவின் போனில் உள்ளவை அதனால் போகாது, போன் மாறும்போதுதான் போய்விடும்.

தம்பி "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலும் திதி வரும்வரை காத்திருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. அந்தக் கேள்விக்குத் தம்பி ஆம் என்றால் அன்றிரவு அவரைத் தனியே விடாமல், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.