மனிதன் பார்ப்பதால்தான் எலெக்ட்ரான் துகளாக மாறுகிறதா? பார்வையாளர் இல்லாவிட்டால் பருப்பொருளே இல்லையா?

இல்லை. கண்ணுக்கும் மனதுக்கும் இதில் வேலையே கிடையாது. "நீ பார்த்தால் துகள், பார்க்காவிட்டால் அலை" என்று வாட்ஸப்பில் சுற்றும் வரியில் கோளாறு ‘பார்ப்பது’ என்ற சொல்லில் இருக்கிறது. அந்த வரி பேசும் சோதனையில் எலெக்ட்ரானுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். ‘பார்க்காவிட்டால்’ பின்னாலுள்ள திரையில் அலைக்கே உரிய பட்டைகள் தெரியும், ‘பார்த்தால்’ அவை மறையும். குவாண்டம் இயற்பியலில் இந்தப் ‘பார்ப்பது’ என்பதற்குப் பொருள், எந்த வழியாகப் போனது என்ற தடயம் வேறு ஏதாவது ஒன்றில் பதிவது. அந்த ‘ஒன்று’ வழியில் மோதிய ஒரு காற்று மூலக்கூறாகவும் இருக்கலாம். தடயத்தை யாராவது எடுத்துப் படித்தார்களா என்பது கணக்கிலேயே வராது.

இன்னொரு தவறும் கூடவே வருகிறது. எலெக்ட்ரான் எப்போதுமே திரையில் ஒரு புள்ளியாகத்தான் விழும், தடயம் பதிந்தாலும் பதியாவிட்டாலும். 1989-இல் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுராவின் குழு செய்த இதே வகைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரான்கள், நொடிக்குச் சுமார் 1000. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,20,000 கி.மீ. அப்படியானால் அடுத்தடுத்த இரண்டு எலெக்ட்ரான்களுக்கு நடுவே சராசரியாக 120 கி.மீ. இடைவெளி, கருவியோ ஒன்றரை மீட்டர்தான். ஆக, உள்ளே ஒரு நேரத்தில் ஒன்றுதான். பத்துப் புள்ளி விழுந்தபோது கோலமாவு சிந்தியது போலிருந்தது. ஒரு லட்சத்தைத் தாண்டியதும் பளிச்சென்று பட்டைகள். ‘அலை’ என்பது இந்தக் கூட்டக் கோலம். தனிப் புள்ளி ஒன்றைக் காட்டி, இது அலையா துகளா என்று கேட்டால் பதிலே இல்லை.

ஆள் இல்லாமலே பட்டை அழிவதற்கு எனக்குப் பிடித்த சான்று வியன்னாவில் 2004-இல் நடந்தது. 70 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறுகளைக் கீற்றணிகள் (நுண்ணிய பிளவுகள் வரிசையாக உள்ள தகடுகள்) வழியே அனுப்பினார்கள், பட்டை வந்தது. பிறகு அதே மூலக்கூறுகளை உள்ளே நுழையும் முன் லேசரால் சூடாக்கினார்கள். 1000 கெல்வின் அளவில் பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. 3000 கெல்வினை நெருங்கியபோது ஏறக்குறைய மறைந்தேவிட்டது. காரணம், அவ்வளவு சூட்டில் மூலக்கூறு போகிற போக்கில் ஒளித்துகள்களை உமிழ்கிறது. அந்த ஒளித்துகள் எங்கிருந்து கிளம்பியது என்பதே வழியைக் காட்டிக்கொடுக்கும் தடயம். அது சுவரில் மோதி வீணாய்ப் போயிருக்கும், யாரும் பிடிக்கவில்லை. பட்டை போனது போனதுதான். நாற்காலி, மேசையெல்லாம் நாம் அறையில் இல்லாதபோதும் இருந்த இடத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம்: காற்றும் வெப்பக் கதிர்களும் ஓயாமல் அவற்றின் மேல் மோதித் தடயம் சுமந்து போகின்றன.

வீட்டிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். சிவப்பு லேசர் பாயிண்டர் (650 நானோமீட்டர்), மின்கம்பிக்குள் இருக்கும் 0.2 மி.மீ. செம்பு இழை ஒன்று, போலராய்டு தாள் (தன் அச்சின் திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) மூன்று துண்டு. இரண்டு துண்டுகளை, அச்சு ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி விளிம்போடு விளிம்பு ஒட்டி, அந்த இணைப்பின் மேல் இழையைப் பதியுங்கள். முதலில் தாள் இல்லாமல் வெறும் இழையில் லேசரை அடித்து, 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பாருங்கள்: நடுப்புள்ளியின் இருபுறமும் சுமார் 1 செ.மீ. இடைவெளியில் பட்டைகள். தாள் ஒட்டிய இழையில் அடித்தால் பட்டை கலைந்து வெறும் ஒளிக்கோடு. இழையின் எந்தப் பக்கமாகப் போனது என்ற அடையாளம் ஒளியின் அதிர்வுத் திசையிலேயே ஒட்டிவிட்டது. இப்போது மூன்றாவது துண்டை 45 பாகையில் இழைக்கும் சுவருக்கும் நடுவே பிடியுங்கள். இருபக்க ஒளியும் ஒரே அதிர்வுத் திசைக்கு வந்து அடையாளம் அழியும். பட்டை திரும்பி வரும். எதிர்ப்பக்கம் 45-க்குத் திருப்பினால், இருள் இருந்த இடத்தில் ஒளி.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் சொதப்பும். இணைப்பின் இடைவெளி இழைக்கு வெளியே தெரிந்தால், அடையாளம் ஒட்டாத ஒளி அதன் வழியே கசிந்து குழப்பும். பாயிண்டரின் ஒளியே துருவமானது (ஒரே திசையில் அதிர்வது) என்பதால், இரண்டு பாதியும் சம வெளிச்சமாகும்வரை பாயிண்டரைச் சுழற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும் பட்டை மங்கலாக இருக்கும். தியேட்டர் 3டி கண்ணாடியை வெட்டுவோர் கவனிக்க: ஒரே சில்லில் வெட்டிய துண்டுகளில், கண் பக்கத்திலிருந்து ஒளியை விட்டால் இரண்டு பாதியும் ஒரே வகை வட்டத் துருவ ஒளியைத் (அதிரும் திசை சுழன்றுகொண்டே போகும் ஒளி) தரும். அடையாளம் ஒட்டாது, பட்டை போகவே போகாது. முன்பக்கம் வழியே விடுங்கள். (லேசரைக் கண்ணில் படவிடாதீர்கள்.)

இதைச் சாதாரண அலை ஒளியியலே விளக்கிவிடும், குவாண்டம் தேவையில்லை என்பார்கள். சரிதான். ஆனால் ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் விடை மாறாது. கேமராவை வைத்துவிட்டு நீங்கள் காபி போடப் போனாலும் மாறாது.

அப்படியானால் மனதைப் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது? இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1961-இல் அதை முன்வைத்தார். பிற்காலத்தில் அவரே கைவிட்டார். ஆனால் அவரைத் தூண்டிய கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தடயம் பதிவது பட்டை ஏன் அழிகிறது என்று சொல்கிறது. இந்தப் புள்ளி ஏன் இங்கே விழுந்தது, அங்கே ஏன் விழவில்லை என்று சொல்வதில்லை. பல உலகங்கள் (எல்லா விளைவுகளும் தனித்தனி உலகங்களில் நடக்கின்றன), வழிநடத்தும் அலை (துகளை ஓர் அலை இட்டுச்செல்கிறது) என்று பல பதில்கள் உண்டு. ஆய்வகத்துக்கு எடுத்துப்போகக்கூடிய பதில் கிரார்டி, ரிமினி, வெபர் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 1986-இல் சொன்னது: ஒரு துகளின் அலை சுமார் 30 கோடி ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே ஓர் இடத்தில் ஒடுங்குகிறது. ஒற்றை எலெக்ட்ரானில் இது தெரியவே தெரியாது. துகள்கள் கோடானுகோடி உள்ள ஒரு கிராம் பொருளிலோ நொடிக்குக் கோடிக்கணக்கில் நடக்க வேண்டும். 2019-இல் வியன்னாவில் ஏறத்தாழ 2000 அணுக்கள், 25,000 அணு நிறை அலகுக்கு மேல் கொண்ட மூலக்கூறுகளும் பட்டை காட்டின. மூவரும் முதலில் சொன்ன எண்களை மறுக்க இந்த நிறை போதாது. இன்னும் பல மடங்கு கனமானதைக் கீற்றணி வழியே அனுப்பியாக வேண்டும்.