தோழியின் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் துணையாகப் போகலாமா?

தோழியின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம், அவள் கூட வரச் சொல்கிறாள், எனக்கென்று தனிப் பத்திரிகை இல்லை, அங்கே ஒருவரையும் தெரியாது, போகலாமா, போனால் மொய் எவ்வளவு எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திரிகை இல்லாமல் போவது மரியாதைக் குறைவு என்று இங்கே சிலர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் பத்திரிகையைக் காட்டச் சொல்லி நான் எங்கும் பார்த்ததில்லை. போங்கள்.

ஆனால் எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கணவன், குழந்தைகள் என்று இருக்கிற பெண் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் துணை தேடமாட்டாள். உங்கள் தோழி தனியாக இருப்பவள் என்றே வைத்துக்கொள்கிறேன். கல்யாணம் ஆகாதவளாக இருக்கலாம், ஆகி முறிந்தவளாக இருக்கலாம். நீங்கள் அப்படி எழுதவில்லைதான். எனக்கு அப்படிப் படுகிறது. இல்லையென்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், சண்டைக்கு வர வேண்டாம்.

நான் போனது காங்கேயம் பக்கத்துக் கல்யாணம். நான் தஞ்சாவூர்க்காரி, சென்னையில் வேலை. தோழிக்கு அலுவலகத்தில் என் பக்கத்து மேசை. கல்யாணம் அவளுடைய சித்தப்பா மகனுக்கு. "இரண்டு நாள், நல்ல சாப்பாடு, சிவன்மலை பார்க்கலாம், வா" என்றுதான் கூப்பிட்டாள். வைகாசி முகூர்த்தம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலையில் ஈரோட்டில் இறங்கி, காங்கேயம் பஸ்ஸில் சன்னலோரம் பிடித்து உட்கார்ந்தோம். அரச்சலூர் தாண்டும்போது மலையைக் காட்டி, இங்கேதான் தாளச் சொற்களைப் பழைய தமிழ் பிராமி எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது என்று நான் வழிகாட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. காங்கேயத்தை நெருங்கி, தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களங்கள் வரிசையாகத் தெரியத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தாள்.

கொங்கு வேளாளக் கவுண்டர் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண்ணைப் போலவே அலங்கரித்துக்கொண்டு வந்து தம்பியின் பக்கத்தில் உட்காருவாள். அருமைக்காரர் என்கிற பெரியவர் சீரை நடத்துவார். புதுப்பெண் வருவதற்கு முன்பே, பிறந்த வீட்டில் உன் இடம் உனக்குத்தான் என்று ஊரறியச் சகோதரிக்குச் சொல்கிற சீர் அது. பிற்காலத்தில் உன் பிள்ளைக்கு என் பிள்ளை என்கிற உறுதியும் அதில் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உடன்பிறந்தவள் இல்லாத மாப்பிள்ளைக்குப் பங்காளி வீட்டு அக்காவோ தங்கையோ செய்வாள். இந்தத் தம்பிக்கு உடன்பிறந்தவள் கிடையாது. "உன் கல்யாணத்தில் இணைச்சீர்காரி நான்தான்" என்று அவனைத் தூக்கி வளர்த்த காலத்திலிருந்து இவள் சொல்லிக்கொண்டிருந்தவள். அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தவன்.

இவளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. பத்திரிகை அச்சாவதற்கு முன்பே சித்தியிடமிருந்து போன் வந்ததாம். "தப்பாக நினைக்காதே அம்மணி, ஊர் வாயை மூட முடியாது" என்று. சீர் வேறொரு பங்காளியின் மகளுக்குப் போய்விட்டது. கணவனோடு வாழ்கிற பெண்.

"அப்புறம் எதற்கு வந்தாய்?" என்று கேட்டேன்.

"வராமல் இருந்தால் அதையும் ஒரு பேச்சாக்குவார்கள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு, அது போதும்" என்றாள்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கொங்கு மக்களைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் காவிரிக் கரையில் இந்த விஷயத்தில் நடக்கிற கூத்துகளை எழுதினால் தனிப் புத்தகமாகும். மரியாதையில் அவர்களை மிஞ்ச முடியாது. சின்னப் பிள்ளையைக்கூட 'வாருங்கள், உட்காருங்கள்' என்றுதான் பேசுகிறார்கள். எல்லா வீட்டிலும் விவாகரத்தான பெண்ணை ஒதுக்குகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒதுக்கினார்கள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து என் வேலை தொடங்கியது. ஒவ்வொரு அத்தையும் இவளைக் கட்டிக்கொண்டு, "அவர் வரவில்லையா?" என்பார்கள். விவாகரத்து விஷயம் ஊருக்கே தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். இவள் பதில் தேடுவதற்குள் நான் முந்திக்கொண்டு, "நான் வந்திருக்கிறேன் அத்தை" என்று பல்லைக் காட்டுவேன். உடனே கேள்வி என் பக்கம் திரும்பிவிடும். எந்த ஊர், என்ன கூட்டம் (குலப் பிரிவை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை. சென்னையில் கூட வேலை செய்கிறவர் என்று இவள் சொல்ல, அதற்கு மேலும் என்ன கூட்டம் என்று மறுபடி கேட்பார்கள். நான் சளைக்காமல் தஞ்சாவூரில் தொடங்கி என் மாமியாரின் முழங்கால் வலி வரை விவரமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்டவர்களே சலித்து நகர்ந்துவிடுவார்கள். இதில் எனக்கு நல்ல திறமை இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். துணையாகப் போவது என்றால் இதுதான், பெட்டி தூக்குவதில்லை.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மண்டபம் கட்டுகிறவர்களே, உங்கள் வீட்டுப் பெண்கள் எங்கேதான் குளிக்கிறார்கள்? மேடைக்குப் பளிங்கு, கூரைக்குச் சரவிளக்கு, வாசலுக்கு ஆள் உயரக் காங்கேயம் காளை. பெண்கள் தங்கும் கூடத்துக்குக் குளியலறை ஒன்று. அந்த ஒன்றில் தாழ்ப்பாள் பாதி, கொக்கி கிடையாது. பட்டுப் புடவையை எங்கே மாட்டுவது? கழுத்தில் போட்டுக்கொண்டா குளிப்பது? அதிகாலை மூன்று மணிக்கு வாளியோடு வரிசையில் நின்ற பாட்டிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மூட்டு வலிக்காரர்கள் உட்காரும்படியான கழிப்பறை ஒன்றுகூட அங்கே இல்லை. குறிப்பிட்ட அந்த மண்டபத்தை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கமும் இதே கதிதான். வாடகையை மட்டும் லட்சத்தில் வாங்கத் தெரிகிறது. வாசிப்பவர்களில் யாராவது மண்டபம் கட்டுவதாக இருந்தால் சுவருக்கு நான்கு கொக்கி அடியுங்கள், புண்ணியமாகப் போகும்.

சரி. முதல் நாள் இரவு, வரவேற்பெல்லாம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு இணைச்சீர். அந்தப் பெண் கூறைப்புடவை இருந்த பேழையோடு வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு கிழவி, இவள் காதில் விழும்படியே, "வாழாவெட்டியை உட்காரவைக்க முடியுமா என்ன" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை இல்லாத காலத்தில், அவளை அறவே மறந்துவிடாமல் இருக்க ஏற்பட்ட சீர் இது என்று அவர்களே பெருமையாக விளக்கம் சொல்கிறார்கள். சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989லேயே சட்டமாகி, 2005ல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. அதில் விவாகரத்தான பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று ஒரு வரியும் இல்லை. மறந்துவிடக்கூடாது என்பதற்காக வந்த சீரில், பிறந்த வீட்டு ஆதரவு யாருக்கு அதிகம் தேவையோ அவளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இதைச் சித்தியிடம் போய்க் கேட்டுவிடுவது என்று எழுந்தேன். இணைச்சீர் கூடாது என்றல்ல, எனக்கு அந்தச் சீர் மிகவும் பிடித்தே போயிற்று. அதனால்தான் கேட்க நினைத்தேன்.

தோழி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நாளைக்கு நீ சென்னைக்குப் போய்விடுவாய், நானும் போய்விடுவேன். அம்மா இந்த ஊரில்தான் இருக்க வேண்டும். அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் சித்திதான் ஓடி வர வேண்டும்" என்றாள்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. உட்கார்ந்தேன். நியாயம் கேட்பதற்காக அவள் என்னை அழைத்துப் போகவில்லை. சீர் முடியும் வரை என் கையை விடவும் இல்லை. என் வளையல் ஒன்று நெளிந்துபோயிற்று.

மாப்பிள்ளைத் தம்பி அன்று இரவு அவளிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவன் ஓடி வந்து காலில் விழுந்திருப்பான் என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் மன்னிக்கவும். அவன் புகைப்படக்காரர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனை அன்றே மன்னித்துவிட்டாள், நான் இன்னும் இல்லை.

மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டிய பிறகு, குடிமகன் என்று அங்கே சொல்லும் நாவிதர் குலத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து மங்கள வாழ்த்துப் பாடினார். கம்பர் பாடிக் கொடுத்தது என்பது அவர்களுடைய நம்பிக்கை. கல்யாணச் சீர்கள் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற நீண்ட பாட்டு. அடிக்கு அடி மத்தளத்தில் ஒரு தட்டு. கையில் தாள் இல்லை, தடுமாற்றம் இல்லை. முன்வரிசையில் பாதிப் பேர் கைபேசியில் இருந்தார்கள். என் பக்கத்தில் இவள் உதடு மட்டும் அசைய முழுப் பாட்டையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டுக்காகவே இன்னொரு கொங்குக் கல்யாணத்துக்கு யார் கூப்பிட்டாலும் போவேன், பத்திரிகை இல்லாமலும்.

பிறகு மொய். நீங்கள் கேட்டதும் இதைத்தான். மொய் என்பது திரும்பிச் செய்ய வேண்டிய கணக்கு. உங்கள் பெயரில் எழுதினால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் திரும்பச் செய்ய வேண்டும். முகம் தெரியாத உங்களை எங்கே தேடுவார்கள்? அதனால் தனியாக எழுத வேண்டாம். மணமக்கள் கையில் ஒரு சின்னப் பரிசோ உறையோ கொடுத்துவிடுங்கள், யாருக்கும் கடன் இல்லை. நான் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தேன். கஞ்சத்தனம் என்று சொல்ல நினைப்பவர்கள் வெள்ளி விலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இவள் எழுதத்தான் போனாள். மொய் மேசையில் இருந்தவர் உறவுக்காரர்தான், இவளைச் சிறுமியிலிருந்து அறிந்தவர். பணத்தை எண்ணிவிட்டு, "அப்பா பேரிலேயே எழுதிக்கொள்கிறேன் அம்மணி" என்றார். அப்பா இறந்துபோனவர்.

"அம்மா தன் கணக்கைத் தனியாக எழுதிவிட்டாள். இது என்னுடையது. என் பெயரில் எழுதுங்கள்" என்றாள்.

"ஊர்?"

"இந்த ஊர்தான்."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், நான் ஏதோ சொல்லிவிடுவேன் என்பதுபோல. நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எழுதினார். ஊர்ப் பெயர், அவள் பெயர், தொகை. அப்பா பெயரும் இல்லை, முன்னாள் கணவன் பெயரும் இல்லை. அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். பந்தியில் உட்கார்ந்தபோது, இடியாப்பம் போன்ற சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்ற வந்தவரை நிறுத்தி வைத்து இரண்டு பேரும் வழிய வழிய வாங்கிக்கொண்டோம். ஒப்பிட்டு என்று அங்கே சொல்லும் போளியையும் கேட்டு வாங்கினோம்.

மாலையில் சொன்னபடி சிவன்மலை ஏறினோம். ஒரு பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை, பூ போட்டு உத்தரவு கேட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற கோயில் அது. அடுத்த பொருள் வரும் வரை அதுதான் பெட்டியில் இருக்கும். அதைப் பார்த்து நாட்டுக்கு என்ன நடக்கப்போகிறது என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்கிறார்கள். நாங்களும் கொஞ்சம் செய்தோம்.

உங்களுக்கு: காரணத்தை ரயில் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், என்னைப் போல் பஸ் ஊருக்குள் நுழையும் வரை காத்திருக்க வேண்டாம். சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள், போய்ப் பார்த்தால் தானே தெரியும். மணப்பெண் கட்டும் நிறத்தில் புடவை எடுத்துப் போகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் தோழியிடம் முன்பே கேட்கலாம். குளியலறைக்கு ஒட்டும் கொக்கி ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முப்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது.